வண்டி கேட்டில், கம்ப்யூட்டரில் ஹார்பரில்: எங்கள் யார்டுக்கு எந்த ஆட்டோமேஷன்?

“சார், வண்டி இங்க நிக்குது. கம்ப்யூட்டர்ல இன்னும் ஹார்பர்லயே கீதாம்.”

மணலியில் எங்கள் கன்டெய்னர் யார்டு கேட்டில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் கிளார்க் அண்ணன் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போன் போட்டுச் சொன்னது இது. ட்ரெய்லர் அவர் கண்ணெதிரே உறுமிக்கொண்டு நிற்கிறது. அது துறைமுகத்தின் ஜீரோ கேட்டை விட்டு வெளியே வந்த பதிவு மட்டும் எங்கள் சிஸ்டத்துக்கு வந்து சேரவில்லை. அந்தப் பதிவு இல்லாமல் வண்டியை உள்ளே எடுக்கும் பட்டன் அழுந்தாது. பின்னால் எம்.எஃப்.எல். சந்திப்புப் பக்கம் வரிசை நீள்கிறது. அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து நீள நோட்டை எடுத்தார். வண்டி நம்பர், கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர் மூன்றையும் எழுதிக்கொண்டு தடுப்பைத் தூக்கிவிட்டார். மதியம் பதிவு வந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றினார். தலைமை அலுவலக ரிப்போர்ட்டின்படி அன்று காலை முழுக்க ஒரு வண்டியும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு நாற்பது வண்டி ஒரே நேரத்தில் வந்திருக்கிறது!

மூன்று யார்டுகளில் எழுநூறு பேர் வேலை பார்க்கும் நிறுவனம் எங்களுடையது. அடுத்த நிதியாண்டில் எதில் பணம் போடுவது என்று என்னை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்ததன் விரிந்த வடிவம்தான் இது. திருவொற்றியூர், மாதவரம், எண்ணூர் பக்கம் இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரியும்.

மேசையில் நான்கு வழிகள் இருந்தன. கணக்கு முதல் சரக்கு வரை எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் நடத்தும் பெரிய ஈ.ஆர்.பி. பேக்கேஜ் வாங்கி மொத்த நிறுவனமும் அதற்குள் குடிபோய்விடுவது. இருக்கிற டேலிக்கும் எக்செல்லுக்கும் மேல் பாட், அதாவது மனிதருக்குப் பதில் தானே கிளிக் செய்யும் நிரல், வைத்து ஒட்டுப் போடுவது. நாலைந்து இன்ஜினியர்களை வேலைக்கு வைத்து நாமே கட்டுவது. மென்பொருளைத் தொடாமல் முதலில் வேலை நடக்கும் விதத்தைச் சரிசெய்வது. என் சாய்வு நாலாவது பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது மட்டும் போதாது.

எதை வைத்து ஒப்பிடுவது

விற்க வருகிறவர்கள் தரும் அட்டவணையில் வசதிகள் இருக்கும், விலை இருக்கும், பச்சை டிக் இருக்கும். நான் இரண்டே கேள்வி வைத்துக்கொண்டேன். விதியில் இல்லாத ஒன்று நடந்தால், முடிவெடுக்கக்கூடிய ஆளிடம் அது எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும்? விதியே தப்பு என்று தெரிந்தால் அதை மாற்ற எத்தனை நாள் ஆகும்?

இந்தக் கேள்விகள் எனக்குக் கிடைத்தது சிலி நாட்டின் கதையிலிருந்து. 1971இல் அதிபர் அயெந்தேயின் அரசு, தேசியமயமாக்கிய ஆலைகளை நிர்வகிக்க ஸ்டாஃபோர்டு பீர் என்ற ஆங்கிலேய நிர்வாக ஆலோசகரை அழைத்தது. திட்டத்தின் பெயர் சைபர்சின். ஆலைகளில் டெலக்ஸ் (கம்பி வழியே தட்டச்சுச் செய்தி அனுப்பும் கருவி), தலைநகரில் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் கருவி. ஏழு நாற்காலி போட்ட கட்டுப்பாட்டு அறையின் படத்தைத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உண்மையில் அது முன்மாதிரியாகவே நின்றுபோன அறை. எனக்கு அதைவிடப் பிடித்தது தகவல் போகும் வழி. ஓர் ஆலையின் எண் தடம் மாறினால் தகவல் முதலில் அந்த ஆலைக்குத்தான் போகும். சரிசெய்ய அவர்களுக்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் முடியாவிட்டால்தான் மேல் மட்டத்துக்குத் தெரியும். 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே சரக்கு தேங்கியிருக்கிறது, எந்த வண்டி ஓடும் என்ற செய்தியெல்லாம் அந்த டெலக்ஸ் வழியேதான் ஓடியது. மிச்சமிருந்த சில வண்டிகளை வைத்தே அரசு சமாளித்தது. மறு ஆண்டு செப்டம்பர் 11 ராணுவக் கவிழ்ப்போடு எல்லாம் முடிந்துபோனது வேறு கதை.

எங்களிடம் நேர் தலைகீழ். கேட்டில் ஏதாவது பிசகினால் முதலில் சிவப்பாக மாறுவது தலைமை அலுவலகத்து டாஷ்போர்டு. கேட்டுக்கு விஷயம் தெரிவது யாராவது போனில் திட்டும்போது.

பெரிய பேக்கேஜ்

இதைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் கணக்கு, சம்பளம், வரி என்று வந்தால் பேக்கேஜ்தான் நம்மைவிட விவரமான ஆள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, அப்புறம் இ-வே பில், 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கெல்லாம் இ-இன்வாய்ஸ். ஒவ்வொரு முறையும் சட்டத்துக்குத் தகுந்தபடி மென்பொருளை மாற்றிக் கொடுக்க ஒருவர் வேண்டும். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது என்பது 2023 ஏப்ரல் முதல் விதி. “கணக்கு சாஃப்ட்வேரையும் நாமே எழுதிடலாம் சார்” என்று கிளம்பிய எங்கள் பையனிடம் இந்த ஒரு விதியைக் காட்டினேன். அடங்கிவிட்டான்.

சிக்கல் யார்டுக்குள் நுழையும்போதுதான். ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் சங்கிலி 2011இல் எஸ்.ஏ.பி. என்ற பெரிய ஈ.ஆர்.பி. பேக்கேஜை வைத்து ஒரு பெரிய மாற்றத்தைத் தொடங்கியது. ஏழு வருடம், சுமார் 50 கோடி யூரோ. 2018இல் கைவிட்டார்கள். பரவலாகச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று சின்னதாகத் தெரியும்: லிடில் கையிருப்பை வாங்கிய விலையில் கணக்கு வைப்பது வழக்கம், பேக்கேஜ் விற்கும் விலையில் வைக்கும். லிடில் தன் வழக்கத்தை விடவில்லை. பேக்கேஜை வளைத்தார்கள். வளைக்க வளைக்க அது பேக்கேஜாக இல்லாமல் போனது.

எங்களுக்கு இதில் பாடம் உண்டு. கணக்கில் எங்கள் வழக்கத்தை விட்டுக்கொடுக்கலாம், நஷ்டமில்லை. யார்டில் விட்டுக்கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அங்கே கஸ்டம்ஸ், துறைமுகம், கப்பல் கம்பெனி, மழை எல்லாம் சேர்ந்துதான் வழக்கத்தைத் தீர்மானிக்கின்றன.

ஒரு நட்சத்திர ஓட்டலில் டெமோ வைத்தார்கள். திரையில் பத்து கன்டெய்னர், பத்தும் சமர்த்தாக ஒவ்வொரு கட்டமாகத் தாண்டிப் போயின. நான் கேட்டேன்: “சீல் உடைஞ்ச பெட்டி ஒண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. என்ன ஆகும்?” மேலாளருக்கு மெயில் போகும், அவர் ஒப்புதல் கொடுத்ததும் அடுத்த கட்டம் திறக்கும் என்றார் அந்தத் தம்பி. மேலாளர் நான்தான். ரெண்டு மணிக்கு நான் தண்டையார்பேட்டையில் தூங்கிக்கொண்டிருப்பேன். இப்போது அதே பெட்டி வந்தால் ஷிஃப்ட் சூப்பர்வைசர் போட்டோ எடுத்து, பெட்டியின் நிலையைச் சோதிக்கும் சர்வேயரை எழுப்பி, பெட்டியைத் தனியாக ஓரம் கட்டி, கால் மணி நேரத்தில் கேட்டை விடுவித்துவிடுகிறார். அந்த அதிகாரத்தை அவர் இடத்திலேயே வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், அதற்குத் தனி மாற்றக் கோரிக்கை, தனி பில்.

இன்னொரு சமாச்சாரம். குறைந்த விலைக்கு எஸ்.ஏ.பி.யின் பழைய ஈ.சி.சி. பதிப்பைத் தருகிறேன் என்று யாராவது வந்தால் யோசியுங்கள். அதற்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது.

பாட்

ரொம்பச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாட் என்பது மவுஸைப் பிடித்துக்கொண்ட பேய். மனிதர் கிளிக் செய்யும் இடத்தில் அது கிளிக் செய்யும். டெலிவரி ஆர்டர் மெயிலைத் திறந்து எக்செல்லில் ஏற்றுவது மாதிரி வேலைகளுக்கு ஒரே வாரத்தில் பலன் தெரியும். அதனாலேயே முதலாளிகளுக்குப் பிடிக்கும். போர்ட்டலில் ஒரு பட்டன் இடம் மாறினால் பேய் வேறு எதையோ கிளிக் செய்துகொண்டே இருக்கும், முகம் சுளிக்காமல்.

பழைய நிரலை மறந்து வைப்பதன் விலைக்கு நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம்தான் உதாரணம். 2012 ஆகஸ்ட் 1 அன்று எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அதில் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு 45 நிமிடத்தில் ஏறக்குறைய 44 கோடி டாலரை விழுங்கியது. பாட் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி எழுதி ஒட்டுங்கள், பால் பாக்கெட் மாதிரி. எங்களிடம் ஆறு மாதம்.

நாமே கட்டுவது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எங்கள் விவாதத்தில் பாதி இதைப் பற்றித்தான்.

கன்டெய்னர் நம்பரைப் பார்த்திருப்பீர்கள். நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டம் கட்டிய ஒற்றை எண் ஒன்று. அந்தக் கடைசி எண் சும்மா இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், அந்தந்த இடத்து மதிப்பைப் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. மீதி 10 என்றால் 0 போடுவார்கள். கேட்டில் டைப் செய்யும்போது ஒரு எண் தப்பினால் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். ஐந்தாறு வரி நிரல், அவ்வளவுதான். எங்கள் பழைய சிஸ்டத்தில் இது இல்லை. 3க்குப் பதில் 8 அடித்துவிட்டால் பெட்டி ஒரு வரிசையில் இருக்கும், கம்ப்யூட்டர் இன்னொரு வரிசையைக் காட்டும். தேடி எடுக்க, பெட்டி தூக்கும் இயந்திரமான ரீச் ஸ்டாக்கர் நாலைந்து பெட்டியைத் தூக்கி இறக்கும், டீசல் எரியும், டிரைவர் காத்திருப்பார். சொந்தமாக ஒரு இன்ஜினியர் வந்து கேட்டில் ரெண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் இது சரியானது. பேக்கேஜ் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தால் இன்னும் டிக்கெட் நம்பரோடு அலைந்துகொண்டிருப்போம்.

அடித்தளத்தை எழுத வேண்டியதில்லை. மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மாதிரி யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருளை எடுத்து, யார்டுக்கு வேண்டியதை மட்டும் மேலே கட்டலாம். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டிய பையன் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டால்? நியாயமான பயம். ஒரு ஆளை நம்பிக் கட்டினால் அது சொந்தக் குழு ஆகாது, சொந்தத் தலைவலி. குறைந்தது நாலு பேர், ஒவ்வொரு பகுதியும் ரெண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, அவர்களைத் தீயணைப்புப் படையாக மாற்றிவிடக் கூடாது. கூகுளில் சர்வர்களைப் பராமரிக்கும் குழுக்களுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: திரும்பத் திரும்ப வரும் கைவேலை, ஓர் ஆளின் நேரத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதி நேரம் அந்தக் கைவேலையே வராதபடி செய்வதற்கு. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ‘சிஸ்டம் ஆளு’ என்றால் பிரிண்டர் பேப்பர் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். அதை நிறுத்த முடியாது என்றால் இந்த வழியை எடுக்காதீர்கள், வீண்.

மணலிக்கு இன்ஜினியர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. தூசு, ட்ரெய்லர், ரிஃபைனரி வாசனை என்று காரணம் அடுக்குவார்கள். ஆனால் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் எத்தனை இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் தினமும் போக வர நாலு மணி நேரம் செலவழித்து ஓ.எம்.ஆருக்குப் போய் வருகிறார்கள் தெரியுமா? 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் நியாயமான சம்பளம் என்று சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு வந்த இருவர் அப்படித்தான் வந்தார்கள். ஒருவரின் அப்பா ட்ரெய்லர் ஓட்டியவர். டெமரேஜ் (பெட்டியை எடுக்கத் தாமதமானால் கட்டும் கட்டணம்) என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மென்பொருளே இல்லாமல்

ஒரு கணக்கு. மணிக்கு 20 வண்டி உள்ளே வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக 3 மணி நேரம் உள்ளே நிற்கிறது என்றால், எந்நேரமும் யார்டில் 60 வண்டி இருக்கும். வருகை வேகத்தை நிற்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்தது. உள்ளே 45 வண்டிக்குத்தான் இடம் என்றால் மீதி 15 சாலையில். நிற்கும் நேரத்தை 2 மணி நேரமாக்கினால் 40 வண்டிதான், சாலை காலி. இதற்கு எந்த டாஷ்போர்டும் வேண்டாம், ஸ்டாப் வாட்ச் போதும்.

அந்த 3 மணி நேரம் எங்கே போகிறது என்று ஒரு வாரம் பின்தொடர்ந்து பார்த்தோம். நகர்ந்த நேரம் கொஞ்சம். எடைமேடைக்குக் காத்திருந்தது, காகிதத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்தது, கையெழுத்துப் போடுபவர் டீக்குப் போயிருந்தது, இதுதான் மிச்சமெல்லாம். நிர்வாகம் பெருமையாகச் சொன்ன விஷயம், எடைமேடை ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லை என்பது. அதுதான் வினையே. வண்டிகள் தாறுமாறாக வரும், வேலை நேரமும் ஏறி இறங்கும் என்ற எளிய மாதிரியில், ஒரு கவுன்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் வண்டி காத்திருக்கும் நேரம் வேலை நேரத்தைப் போல் 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19! கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்தெடுக்கப் போய் வரிசையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் என்று ஓர் ஊர். 1982இல் அங்கிருந்த கார் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் மூடியது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திறந்தபோது வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள்தான். வித்தியாசம், தப்பைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். தரம் மளமளவென்று ஏறியது. அதே கட்டிடம் பிற்பாடு டெஸ்லா கைக்குப் போனது. 2018இல் அங்கே மிதமிஞ்சி ஆட்டோமேஷன் செய்தது தப்பு என்று ஈலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். ஒரே கூரைக்கு அடியில் ரெண்டு கதையும்.

இந்த வழியின் குறை என்ன? மூன்று யார்டு, எழுநூறு பேர் என்று ஆகும்போது ஸ்டாப் வாட்ச்சும் நோட்டும் எட்டாது. அண்ணன் லீவு போட்டால் கேட்டின் மூளை லீவு.

டிரைவர் பேட்டா

இதை எந்த வழியோடும் சேர்க்காமல் தனியாகச் சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் ஜி.பி.எஸ். கிலோமீட்டரை வைத்து டீசல் கணக்குப் பார்த்து, கூடுதலாக எரிந்தால் டிரைவரின் பேட்டாவில் தானாகவே பிடிக்கும்படி செய்தார்கள். மழைக்காலத்தில் எண்ணூர் பக்கம் தண்ணீர் நின்றால் வண்டி இஞ்ச் இஞ்ச்சாக நகரும், கிலோமீட்டர் ஏறாது, டீசல் தீரும். டிரைவர் திருடர் ஆகிவிட்டார். அவர் வாதாட ஆளே இல்லை. எல்லோரும் திரையைக் காட்டினார்கள். மூன்று பேர் வேலையை விட்டுப் போன பிறகுதான் யாரோ மழைத் தேதியை ஒப்பிட்டுப் பார்த்தார்.

பிரிட்டனில் இதன் பூதாகரமான வடிவம் நடந்தது. தபால் துறையின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் காட்டிய பொய்யான பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளைத் தபால் நடத்துநர்களைத் தண்டித்தார்கள். சிலர் சிறை சென்றார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019இல்.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும், ஆள் சம்பளத்தில் கை வைக்கும் வேலையைத் தானாக நடக்க விடாதீர்கள். கணக்குப் போட்டுக் காட்டட்டும், பிடிப்பதற்கு ஒரு மனிதர் கையெழுத்துப் போடட்டும். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 1918இலேயே சங்கம் கட்டிய பகுதி இது. “கம்ப்யூட்டர் பிடிச்சிருச்சு” என்ற பதில் இங்கே ரொம்ப நாள் செல்லாது.

என் பரிந்துரை

முதல் மூன்று மாதம் நாலாவது வழி. எடைமேடையில் நெரிசல் நேரத்துக்கு இன்னொரு ஆள், கையெழுத்துகள் ஐந்திலிருந்து இரண்டு, சீல் உடைந்த பெட்டிக்கு ஷிஃப்ட் சூப்பர்வைசரே முடிவெடுக்கலாம் என்று எழுத்துப்பூர்வ அதிகாரம். அதே சமயம் கணக்கு, சம்பளம், வரிக்கு மட்டும் வாங்கிய பேக்கேஜ், ஒரு வரிகூட வளைக்காமல். யார்டுக்கும் கேட்டுக்கும் நாலு பேர் கொண்ட சொந்தக் குழு, தலைமை அலுவலகத்தில் இல்லாமல் யார்டு மாடியில். சைபர்சினிடமிருந்து ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டோம்: கேட்டில் பிசகினால் முதல் முப்பது நிமிடம் கேட்டுத் திரையில் மட்டும் தெரியும்.

ஐநூறு பேருக்குக் கீழே, ஒரே இடத்தில் இருக்கிற நிறுவனம் என்றால் சொந்தக் குழு வேண்டாம் என்பேன். இரண்டு யார்டுக்கு மேல் போனால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். முழு பேக்கேஜுக்குள் போவதில் நியாயம் இருப்பது, பல மாநிலங்களில் ஒரே மாதிரி வேலை நடக்கும் கம்பெனிகளுக்கு.

டைரக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்த நோட்டை எப்போ நிறுத்தப்போறீங்க?” நிறுத்தப்போவதில்லை என்றேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கேட்டை ஓட்டியது அந்த நோட்டுதான். ஒரு மாற்றம் மட்டும் செய்திருக்கிறோம்: கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் அதே வரிசையில் நோட்டிலும் கட்டங்கள் அச்சடித்தாயிற்று, பின்னால் ஏற்றும்போது தடுமாறாமல் இருக்க. ‘வந்த நேரம்’, ‘ஏற்றிய நேரம்’ என்று ரெண்டு தனிக் கட்டம். மாதத்தின் முதல் செவ்வாய் காலை ஒரு மணி நேரம் சிஸ்டத்தை வேண்டுமென்றே அணைத்துவிட்டு நோட்டிலேயே கேட்டை நடத்துகிறோம். போன மாதம் புதுப் பையன் சீல் நம்பர் கட்டத்தில் வண்டி நம்பரை எழுதினான். அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்த பார்வையை எந்த டாஷ்போர்டிலும் காட்ட முடியாது.